வேலை கிடைக்குது, நிலைக்க மாட்டேங்குதே!

வேலைப் பயிற்சியும் கோச்சிங்கும் தரும் தொண்டு அமைப்புகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, இத்துறையில் இருப்பவர்கள் பதில் சொல்கிறார்கள்.

கேள்வி: பத்தாவதோடு படிப்பை நிறுத்திய என் தம்பி, மூன்று இடங்களில் இலவசப் பயிற்சி முடித்து மூன்று சான்றிதழ் வைத்திருக்கிறான். வேலை மட்டும் இல்லை. இப்போது நான்காவதாக ஒரு தொண்டு நிறுவனம் கூப்பிடுகிறது. '90 சதவீதம் பேருக்கு வேலை' என்று நோட்டீஸில் போட்டிருக்கிறார்கள். நம்பலாமா?

பதில்: அந்த 90 எதில் 90 என்று கேளுங்கள். 40 பேர் சேர்ந்து, 20 பேர் பாதியில் நின்று, மிச்சமிருந்த 20 பேரில் 18 பேர் வேலைக்குப் போனால், முடித்தவர்களில் 90 சதவீதம்தான். நோட்டீஸில் பொய்யில்லை. சேர்ந்தவர்களை வைத்துப் பார்த்தால் அது 45 சதவீதம். ஆறு மாதம் கழித்து அந்த 18 பேரில் 10 பேர்தான் மிஞ்சியிருக்கிறார்கள் என்றால் 25 சதவீதம். சேர்ந்தவர் எத்தனை, வேலைக்குப் போனவர் எத்தனை, ஆறு மாதத்துக்குப் பிறகும் வேலையில் இருப்பவர் எத்தனை என்று மூன்றையும் கேளுங்கள். மூன்றாவதைக் கேட்டதும் பேச்சு வேறு பக்கம் போனால், சான்றிதழ் கொடுத்த அன்றோடு அவர்கள் கை கழுவிவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, பயிற்சிக்கூடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். 15 பேருக்கு ஒரே ஒரு வெல்டிங் மெஷின் என்றால், நான்கு மணி நேர வகுப்பில் உங்கள் தம்பி கையில் டார்ச் இருக்கப்போவது 16 நிமிடம். இப்படிப் படித்த சான்றிதழ்கள்தான் அலமாரியில் தூங்குகின்றன.

பாடத்திட்டத்தை யார் போட்டார்கள் என்பதும் முக்கியம். ஒரே துறையைக் குறிவைத்து, அந்தத் துறையில் ஆள் எடுப்பவர்களோடு உட்கார்ந்து பாடம் அமைத்த பயிற்சிகள், கறாரான ஆய்வுகளிலும் சம்பளத்தை உயர்த்திக் காட்டியிருக்கின்றன. அமெரிக்காவின் 'பெர் ஸ்காலஸ்', 'இயர் அப்' இரண்டும் அந்த ரகம். ஆனால் இவர்கள் சேர்க்கும்போதே சோதித்து வடிகட்டித்தான் எடுக்கிறார்கள். கணக்கிலோ வாசிப்பிலோ தடுமாறுகிறவர்கள் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். தம்பிக்கு அந்தச் சிக்கல் இருந்தால், முன்தயாரிப்பு வகுப்பு உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வோம், டெபாசிட் கட்டுங்கள் என்றால் மறுபேச்சு இல்லாமல் எழுந்து வந்துவிடலாம்.

கேள்வி: எனக்குக் கோச் என்று ஒருவரை ஒதுக்கியிருக்கிறார்கள். வாரம் ஒரு தடவை 'உங்களால் முடியும்' என்கிறார். அதைத் தாண்டி அவர் என்னதான் செய்ய வேண்டும்?

பதில்: முதல் இரண்டு சந்திப்பிலேயே உங்கள் ஒரு வாரத்தை மணி வாரியாகத் தாளில் போட வேண்டும். எத்தனை மணிக்கு எழுவது, பிள்ளையை யார் பார்ப்பது, மருந்து எப்போது, கடைசி பஸ் எப்போது, மாதத்தில் எந்த நாள் மருத்துவமனை அல்லது கோர்ட், எல்லாம். அதன் மேல் வேலையின் ஷிப்டை வைத்தால் மோதும் இடம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். காலை 6 மணி ஷிப்ட், முதல் பஸ் 5.50, பயணம் 25 நிமிடம். எத்தனை தன்னம்பிக்கை வகுப்பு எடுத்தாலும் அந்த 15 நிமிடத் தாமதம் குறையாது. ஷிப்டை மாற்றக் கேட்பதா, வண்டியில் ஏற்றிப்போக ஆள் தேடுவதா, வேறு வேலை பார்ப்பதா என்று அங்கேயே பேசி முடிக்க வேண்டும். வேலைக்குச் சேரும் முன் அதே கிழமை, அதே நேரத்தில் ஒரு முறை போய் வரச் சொல்ல வேண்டும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் பெயர் போதாது. அவருக்குக் காய்ச்சல் வந்தால் யார் என்று இரண்டாவது பெயரும் தாளில் வேண்டும்.

பேசும் முறையும் ஒரு தொழில்தான். 1983இல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் குடிப்பழக்கம் உள்ளவர்களுக்காக ஒரு பேச்சுமுறையை எழுதினார். பிறகு ஸ்டீபன் ரோல்னிக்கோடு சேர்ந்து அதை விரிவாக்கினார். வேலைக் கோச்சுகளும் இன்று அதைத்தான் கற்கிறார்கள். 'இந்த வேலைக்குப் போவது பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு முக்கியம்?' என்று கேட்கிறார். நீங்கள் 'நாலு' என்கிறீர்கள். 'ஏன் எட்டு இல்லை?' என்றால் உங்கள் வாயிலிருந்து சாக்குகள் வரிசையாக வரும். 'ஒன்று என்று சொல்லாமல் நாலு என்றீர்களே, ஏன்?' என்றால், போக வேண்டிய காரணங்களை நீங்களே சொல்வீர்கள். பிறர் சொன்ன காரணத்தைவிடத் தானே சொன்ன காரணம்தான் மறுநாள் காலை எழுப்பிவிடும். உங்கள் கோச் பாதி நேரத்துக்கு மேல் தானே பேசுகிறார் என்றால் அது வெறும் அறிவுரை.

அவர் கையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றும் கேட்டுப் பாருங்கள். 60 பேரை வைத்திருப்பவர் 'உங்களால் முடியும்' என்பதற்கு மேல் செய்ய நேரம் ஏது?

கேள்வி: என் தங்கைக்கு ஸ்கிசோஃப்ரினியா. மருந்தில் இரண்டு வருடமாக ஓரளவு நன்றாக இருக்கிறாள். வேலைக்குப் போக வேண்டும் என்கிறாள். முழுதாகக் குணமாகட்டும் என்று வீட்டில் தடுக்கிறோம். சரிதானா?

பதில்: தடுக்காதீர்கள். 'முதலில் பயிற்சி, பிறகு வேலை' என்ற பழைய வரிசையை 1990களில் அமெரிக்காவில் ராபர்ட் டிரேக்கும் டெபோரா பெக்கரும் திருப்பிப் போட்டார்கள். ஐ.பி.எஸ். (Individual Placement and Support, தனிநபருக்கேற்ற வேலையும் தொடர் ஆதரவும்) என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அந்த முறையில், வேலை வேண்டும் என்று நோயாளி சொன்னாலே போதும். 'தயாரா' என்று தேர்வு வைப்பதில்லை. ஒரு மாதத்துக்குள் முதலாளிகளைப் பார்க்க ஆரம்பித்துவிட வேண்டும். வேலை தேடித் தரும் ஊழியர் மனநல மருத்துவக் குழுவோடேயே உட்கார்கிறார். ஒருவர் கையில் 20 பேருக்கு மேல் கூடாது. நோயாளிகளுக்கென்றே தனியாக நடத்தும் பட்டறையில் மெழுகுவத்தி செய்ய வைப்பது கிடையாது. எல்லோரும் பார்க்கும் வெளி வேலை, எல்லோரும் வாங்கும் சம்பளம். பல நாடுகளில் நடந்த ஒப்பீட்டு ஆய்வுகளில், வழக்கமான பயிற்சி வழியில் போனவர்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்குப் பேர் இந்த வழியில் வேலைக்குப் போயிருக்கிறார்கள்.

நடைமுறையில் இடறுவது மருந்துதான். இரவு மருந்தின் மந்தம் காலை 9 மணி வரை இருக்கிறது என்றால், 7 மணி ஷிப்டில் சேர்த்துவிட்டுச் 'சோம்பேறி' என்ற பெயர் வாங்கக் கூடாது. 11 மணிக்குத் தொடங்கும் பகுதி நேர வேலையாகப் பாருங்கள், அல்லது மருந்து நேரத்தை மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக மாற்றாதீர்கள். நோயை முதலாளியிடம் சொல்வதா வேண்டாமா என்பது தங்கையின் முடிவு. சொன்னால் இடைவேளை, அமைதியான இடம் என்று சலுகை கேட்கலாம். சொல்லாவிட்டால் கேட்க வழியில்லை. இரண்டின் லாப நட்டத்தையும் கோச் அவளோடு உட்கார்ந்து எழுதிப் பார்க்கட்டும். அரசு உதவித்தொகை வந்துகொண்டிருந்தால், எவ்வளவு சம்பளத்துக்கு மேல் அது குறையும் என்று சேரும் முன்பே கணக்குப் போடுங்கள். அது தெரியாமல் பயந்து வேலையை விட்டவர்கள் நிறைய.

கேள்வி: அறிவுசார் குறைபாடுள்ள என் மகனுக்கு 22 வயது. ஒரு கிடங்கில் பேக்கிங் வேலை தரத் தயாராக இருக்கிறார்கள். 'சொல்லிக் கொடுத்தாலும் மறந்துவிடுவான்' என்று பயமாக இருக்கிறது. எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

பதில்: சொல்லிக் கொடுத்தால் மறப்பான், செய்ய வைத்தால் மறக்க மாட்டான். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆய்வாளர் மார்க் கோல்ட், எதற்கும் லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்டிருந்தவர்களைக் கொண்டு 15 பாகங்கள் உள்ள சைக்கிள் பிரேக்கைப் பூட்ட வைத்தார். பாகங்களைச் சேரும் வரிசையிலேயே தட்டுகளில் வைத்தார். எந்தப் பக்கம் மேலே வர வேண்டுமோ அதில் வண்ணம் பூசினார். ஒருவருக்கு வரவில்லை என்றால் சொல்லித் தரும் விதத்தை மாற்று என்பதே அவர் கட்சி. இன்றைய வேலைக் கோச்சிங்கின் அடித்தளம் அதுதான்.

உங்கள் மகனின் வேலையையே எடுத்துக்கொள்வோம். 'பெட்டியில் 24 பாட்டில் அடுக்கு' என்பது ஒரே கட்டளை போலத் தெரிகிறது. கோச் முதலில் தானே செய்து பார்த்து உடைத்து எழுத வேண்டும். அட்டையை விரி. அடியில் குட்டை மடிப்பு இரண்டையும் உள்ளே மடி. நீள மடிப்பு இரண்டையும் அதன் மேல் மடி. நடுக்கோட்டில் டேப் ஒட்டு. இரு பக்கமும் நாலு விரல் அகலம் பெட்டிச் சுவரில் ஏறட்டும். நிமிர்த்து. பாட்டிலை 6க்கு 4 வரிசையாக வை. சீட்டைப் போடு. மேல் மடிப்பை மூடு. டேப் ஒட்டு. லேபிளை வலது மூலையில் ஒட்டு. பத்துப் படி. இதில் இரண்டு இடத்தில்தான் பெரும்பாலும் தவறு வரும். முதலாவது டேப்: விளிம்போடு நறுக்கிவிட்டால், தூக்கும்போது அடி திறந்து பாட்டில் காலில் விழும். பெட்டிச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு, 'கோடு வரை' என்று காட்டினால் தீர்ந்தது. இரண்டாவது எண்ணிக்கை: நடுவில் யாராவது கூப்பிட்டால் 17லிருந்து மறுபடி ஒன்றுக்கு வந்துவிடுவான். அவனுக்கு எண்ணக் கற்றுத்தர வேண்டியதில்லை. 24 கட்டம் போட்ட அட்டையைப் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள். காலிக் கட்டம் இல்லை என்றால் முடிந்தது. எண்ணவே தேவையில்லாதபடி வேலையை மாற்றுவதும் பயிற்சிதான்.

உதவியைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். முதலில் கையைப் பிடித்து, பிறகு செய்து காட்டி, பிறகு விரலால் சுட்டி, கடைசியில் 'அடுத்து?' என்று மட்டும். ஒவ்வொரு தடவையும் ஐந்து விநாடி காத்திருங்கள். பெரும்பாலான பெற்றோரால் ஐந்து விநாடி சும்மா நிற்க முடிவதில்லை. முந்திக்கொண்டு கையை நீட்டிவிடுவார்கள். அன்றைய வேலைத்தாளில் ஒவ்வொரு படிக்கும் எதிரே 'தானாக', 'சுட்டியபின்', 'கைப்பிடித்து' என்று குறியிட்டால், எந்தப் படியில் தேங்குகிறான் என்று மூன்று நாளில் தெரிந்துவிடும்.

இதில் பெரிய ஆபத்து கோச்சே ஊன்றுகோல் ஆகிவிடுவது. சூப்பர்வைசர் உங்கள் மகனைப் பார்க்காமல் கோச்சிடம் பேசத் தொடங்கினால், அது முதல் அறிகுறி. கோச் ஒரு அடி பின்னால் நகர்ந்து, 'அவரிடமே கேளுங்கள்' என்று சொல்ல வேண்டும். முதல் வாரத்திலேயே பக்கத்து மேஜைக்காரர் ஒருவரை, டேப் தீர்ந்தால் யாரிடம் கேட்பது என்ற கேள்விக்கு விடையாக்கிவிட வேண்டும். கோச் போன பிறகு மகனோடு இருக்கப்போவது அவர்தானே.

கேள்வி: 19 வயதில் திருட்டு வழக்கில் உள்ளே போனேன். இப்போது 27. இன்டர்வியூவில் அதைச் சொன்னதும் முகம் மாறிவிடுகிறது. மறைத்துவிடலாமா?

பதில்: மறைக்காதீர்கள். சேர்ந்த பிறகு தெரிந்தால், வேலை போவதற்குப் பழைய வழக்கு வேண்டாம். படிவத்தில் சொன்ன பொய்யே போதும். ஆனால் கேட்கும் முன் முந்திக்கொண்டு சொல்லவும் வேண்டாம்.

முகம் மாறுவது உங்கள் கற்பனை இல்லை. அமெரிக்காவின் மில்வாக்கியில் சமூகவியலாளர் டேவா பேஜர் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மாதிரித் தகுதியோடு இளைஞர்களை வேலை கேட்டு அனுப்பினார். வெள்ளை இளைஞர்களில் வழக்கு இல்லை என்றவர்களுக்கு 34 சதவீத இடங்களிலிருந்து திரும்ப அழைப்பு வந்தது. உண்டு என்றவர்களுக்கு 17. கறுப்பின இளைஞர்களில் இல்லை என்றாலும் 14தான். உண்டு என்றால் 5. 2004இல் தொடங்கிய ஓர் இயக்கம், விண்ணப்பத்தில் இருக்கும் 'தண்டனை உண்டா?' என்ற கட்டத்தையே நீக்கக் கோரியது. பல இடங்களில் நீக்கவும் செய்தார்கள். அதன் பிறகு சில முதலாளிகள் நிறத்தை வைத்தே ஊகிக்க ஆரம்பித்தார்கள் என்று பின்னால் வந்த ஆய்வு காட்டியது. ஆக, சட்டம் பாதி தூரம்தான் வரும்.

மீதிக்கு மூன்று வாக்கியம் தயார் செய்யுங்கள். 'பத்தொன்பது வயதில் திருட்டு வழக்கில் தண்டனை பெற்றேன். வெளியே வந்து ஃபோர்க்லிஃப்ட் லைசென்ஸ் எடுத்து, ஒரு கிடங்கில் எட்டு மாதம் லீவு போடாமல் வேலை பார்த்தேன். இங்கேயும் அதே வேலை என்பதால் வந்திருக்கிறேன்.' இவ்வளவுதான். இது உதாரணம், உங்கள் உண்மைகளைப் போட்டுக்கொள்ளுங்கள். சொல்லி முடித்ததும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். பலர் சறுக்குவது அந்த மௌனத்தில்தான். எதிரில் இருப்பவர் பேசாமல் இருந்தால், 'கூட்டாளிதான் காரணம்...' என்று நான்காவது வாக்கியம் வந்துவிடும். கோச்சை எதிரே உட்கார வைத்து, முகத்தைச் சுளிக்கச் சொல்லி, பத்து முறை சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். சிறைக்குள் சமையலறையிலோ அச்சகத்திலோ வேலை செய்திருந்தால் அதுவும் அனுபவம்தான். பயோடேட்டாவில் வேலையின் பெயரோடு எழுதுங்கள். உங்கள் வழக்குப் பதிவின் நகலை வாங்கிப் படித்துப் பாருங்கள். முடிந்துபோன வழக்கு இன்னும் நிலுவை என்று கிடக்கலாம்.

கேள்வி: பயிற்சியில் ஒரு நாள் தவறாமல் வந்தவர்கள், வேலைக்குப் போய் மூன்றே வாரத்தில் நின்றுவிடுகிறார்கள். எங்கள் அமைப்பில் இதுதான் பெரிய தலைவலி. ஏன்?

பதில்: நின்றவர்களைக் கேட்டால் 'பிடிக்கவில்லை' என்பார்கள். நின்ற நாளைக் காலண்டரில் குறித்துப் பாருங்கள்; வேறு காரணம் தெரியும். முதல் சம்பளம் வர நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை பஸ் செலவு, ஷூ, சீருடை எல்லாம் கைக்காசு. கடன் வாங்க முடியாதவர் மூன்றாவது வாரத்தில் நின்றுவிடுகிறார். பயிற்சிக்கு ஒதுக்கிய பணத்தில் கொஞ்சத்தை எடுத்து, முதல் சம்பளம் வரை பஸ் பாஸும் ஷூவும் கொடுத்தால், இன்னொரு மென்திறன் வகுப்பைவிட நல்ல பலன் தரும்.

இரண்டாவது காரணம் இன்னும் சின்னது. உடம்பு சரியில்லை என்றால் யாருக்கு, எத்தனை மணிக்குள், என்ன சொல்வது என்று தெரியாது. சொல்லாமல் ஒரு நாள் வராதவர், திட்டு விழுமே என்று மறுநாளும் வருவதில்லை; மூன்றாம் நாள் வேலை போய்விட்டது. 'சார், எனக்குக் காய்ச்சல், இன்று வர முடியாது, நாளைக் காலை எட்டு மணிக்குள் நிலவரம் சொல்கிறேன்' என்று போனில் சொல்லப் பயிற்சியிலேயே பழக்குங்கள். எண் அவரவர் போனில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

கோச் கூப்பிட வேண்டிய நாட்கள்: சேர்ந்த அன்று மாலை, மூன்றாம் நாள், முதல் வார முடிவு, பிறகு மூன்று மாதம் வரை வாரம் ஒருமுறை, நடுவில் முதல் சம்பள நாள். சம்பளச் சீட்டில் பிடித்தம் பார்த்து 'ஏமாற்றுகிறார்கள்' என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. சூப்பர்வைசரையும் தனியாகக் கூப்பிடுங்கள், வேலையில் இருப்பவரின் எழுத்து அனுமதியோடு.

கேள்வி: எனக்குப் பார்வை இல்லை. டைப்பிங்கும் கணக்குப் பதிவும் தெரியும். ஆன்லைன் விண்ணப்பத்திலேயே மாட்டிக்கொள்கிறேன். என்ன செய்வது?

பதில்: நீங்கள் எந்தத் திரைவாசிப்பான் (திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும் மென்பொருள்) வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. என்.வி.டி.ஏ. இலவசம், விண்டோஸில் ஓடும். 2006இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற மைக்கேல் கரன் தொடங்கியது, ஜேம்ஸ் டே பின்னர் சேர்ந்துகொண்டார். ஆனால் கோளாறு பெரும்பாலும் படிவத்தில்தான் இருக்கும். கட்டத்துக்குப் பெயரே வைக்காததால் வெறுமனே 'எடிட்' என்று வாசிக்கும். பாதியில் நேரம் முடிந்துவிடும். படத்தில் இருக்கும் எழுத்தைப் படித்துப் போடச் சொல்லும். எந்தப் பக்கத்தில், எந்தக் கட்டத்தில் நின்றது என்று குறித்து, பயோடேட்டாவை இணைத்து எச்.ஆர். பிரிவுக்கு மெயில் போட்டு, வேறு வழியில் விண்ணப்பிக்கக் கேளுங்கள். பயோடேட்டா ஸ்கேன் படமாக இல்லாமல் தலைப்புகளோடு கூடிய வேர்டு கோப்பாக இருக்கட்டும்.

கேள்வி: பணமில்லை, ஓர் அறையும் பத்து நாற்காலியும் உண்டு. வேலை தேடுகிறவர்களுக்கு ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: தாராளமாக. நேத்தன் அஸ்ரினும் கூட்டாளிகளும் அமெரிக்காவில் இப்படித்தான் 'ஜாப் கிளப்' தொடங்கினார்கள். 1975இல் வெளியான அவர்கள் ஆய்வில், இரண்டு மாதத்துக்குள் கிளப்பில் இருந்தவர்களில் 90 சதவீதமும் இல்லாதவர்களில் 55 சதவீதமும் வேலைக்குப் போயிருந்தார்கள். வேலை தேடுவதையே முழுநேர வேலையாக வைப்பதுதான் சூட்சுமம். தினமும் கூட வேண்டும். வாரம் ஒருமுறை என்றால் அரட்டையாகிவிடும். இரண்டிரண்டு பேராக ஜோடி சேருங்கள். ஒருவர் முதலாளிக்குப் போன் போடும்போது மற்றவர் கேட்டுக் குறிப்பெடுக்கட்டும். ஒரு நாளைக்குப் பத்துத் தொடர்பு என்று கணக்கு வைத்து, சுவரில் எழுதுங்கள்.

யாரைக் கூப்பிடுவது என்ற பட்டியலில் நெருங்கிய சொந்தங்களை மட்டும் எழுதினால் சீக்கிரம் தீர்ந்துவிடும். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதியதுபோல், புது வேலைச் செய்தி அதிகம் வருவது அவ்வளவு பழக்கமில்லாத அறிமுகங்கள் வழியாகத்தான். பழைய முதலாளி, முடிவெட்டுபவர், பள்ளித்தோழியின் அண்ணன் எல்லோரையும் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற மேலாளர். மாதம் ஒரு சனிக்கிழமை தர முடியும். சொற்பொழிவு ஆற்றலாமா?

பதில்: சொற்பொழிவு வேண்டாம், ஒத்திகை இன்டர்வியூ எடுங்கள். ஒருவருக்கு 20 நிமிடம் கேள்வி, ஐந்து நிமிடம் கருத்து. நன்றாகச் செய்தது ஒன்று, மாற்ற வேண்டியது ஒன்று; மூன்றாவது சொன்னால் எதுவும் நிற்காது. உடனே, மாற்றச் சொன்ன அந்த ஒரு கேள்வியை மறுபடி கேளுங்கள். பதில் திருந்திய பிறகுதான் அடுத்தவரை உள்ளே விட வேண்டும். மூன்று மணி நேரத்தில் ஆறு பேர் போதும்.